ஷார்ஜாவில் கால் மணி நேர வீடியோ கால், விக்கிரமசிங்கபுரத்தில் ₹38,940 பில்

கேள்வி: நான் விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறேன். வயது 58. மகளுக்குப் பேறுகாலம் பார்க்க ஷார்ஜா போய் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பினேன். என் நம்பர் போஸ்ட்பெய்டு. வங்கி ஓ.டி.பி. வரவேண்டுமே என்று வெளிநாட்டு ரோமிங்கை மட்டும் போட்டுக்கொண்டு போனேன், பேக் எதுவும் வாங்கவில்லை. அங்கே வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் கால் போகவே இல்லை. வைஃபையை அணைத்தால் நன்றாகப் போயிற்று. பேரனைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். மூன்று தடவை, எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம் இருக்கும். இப்போது ₹38,940 பில் வந்திருக்கிறது. அவருடைய மில் பென்ஷன் மாதம் ₹2,700. கட்டாவிட்டால் நம்பரைத் துண்டித்துவிடுவோம் என்கிறார்கள். வங்கி, கேஸ், ஆதார் எல்லாம் அந்த நம்பரில்தான். என் பெயரில் உள்ள ஒரு லட்சம் டெபாசிட்டை உடைத்துக் கட்டிவிடவா? வளைகுடா நாடுகளில் ரோமிங் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது என்று மருமகன் சொல்கிறார். அது நமக்கும் உண்டா? சித்திரையில் மறுபடியும் போகவேண்டியிருக்கிறது.

— ஒரு வாசகி

பதில்: டெபாசிட்டை உடைக்காதீர்கள் அம்மா. இப்போதைக்கு அதைத் தொடவே வேண்டாம். ஒரு வருடப் பென்ஷனையும் தாண்டிய தொகை இது. பதறிப்போய்க் கட்டிவிட்டால், கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது கட்டாமல் வாதாடுவதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

நீங்கள் அனுப்பிய பில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாதத் திட்டம் ₹500. ரோமிங் டேட்டா 65 எம்.பி., ஒரு எம்.பி.க்கு ₹500 வீதம் ₹32,500. இரண்டுக்கும் சேர்த்து 18% ஜி.எஸ்.டி. ₹5,940. கூட்டல் சரிதான். 65 எம்.பி. என்பது நம் ஊரில் காலையில் குட்மார்னிங் வீடியோக்கள் இறங்கும்போதே தீர்ந்துபோகிற அளவு. வீடியோ கால் நிமிடத்துக்கு நாலைந்து எம்.பி. இழுக்கும், ஆக நீங்கள் சொல்கிற கால் மணி நேரத்துக்கும் கணக்கு ஒத்துவருகிறது. நீங்கள் உண்மையைத்தான் எழுதியிருக்கிறீர்கள், நிறுவனமும் இல்லாததைப் போடவில்லை. அதனால் "நான் பயன்படுத்தவே இல்லை" என்று யாராவது எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். அந்த ஒரு பொய்யில் மொத்த வழக்கும் போய்விடும்.

உங்கள் பில்லில் எனக்கு முக்கியமாகப் பட்டது, முதல் பக்கத்தின் வலது மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரி: கிரெடிட் லிமிட் ₹3,000. யாரும் அதைப் படிப்பதில்லை. போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்குக் கடன் வரம்பு வைத்தால் அதை அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அந்த வரம்பில் 80 சதவீதத்தைத் தொட்டதும் தகவல் கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவே இருக்கிறது. ₹3,000-இல் 80 சதவீதம் ₹2,400. எம்.பி. ₹500 விலையில் அது ஐந்து எம்.பி.கூட இல்லை. அதாவது, நீங்கள் முதல் தடவை பேரனைக் காட்டி "தாத்தாவைப் பாரு" என்று சொல்லி முடிப்பதற்குள் எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். பில்லோ அந்த வரம்பைப்போல் பதின்மூன்று மடங்கு போய் நிற்கிறது.

"வெளிநாட்டுக் கணக்கு எங்களுக்குத் தாமதமாகத்தான் வரும், நாங்கள் என்ன செய்ய?" என்று கஸ்டமர் கேரில் சொல்வார்கள். அதற்குப் பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வைஃபையில் போகாத வாட்ஸ்அப் கால் உங்கள் சிம்மில் மட்டும் ஏன் போயிற்று? அமீரகத்தில் அந்த நாட்டு இணைப்புகளில் வாட்ஸ்அப் கால்களைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ரோமிங்கில் இருக்கும் இந்திய சிம்மின் டேட்டா பொதுவாக அங்கேயே இன்டர்நெட்டுக்குள் போய்விடுவதில்லை. அங்கிருக்கும் டவரைப் பிடித்து, இந்தியாவில் உங்கள் நிறுவனத்தின் வாசலுக்கு வந்து, அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. அதனால்தான் அந்தத் தடை உங்களுக்குப் படவில்லை. உங்கள் பேரன் முகம் ஷார்ஜாவிலிருந்து விக்கிரமசிங்கபுரம் வந்ததே இவர்கள் வீட்டுத் திண்ணையைத் தாண்டித்தான். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு யார் போனார்கள் என்று தெரியாதா? இது போக, ரோமிங் மோசடிகளைத் தடுக்க, பயன்பாட்டு விவரத்தை நான்கு மணி நேரத்துக்குள் சொந்த நிறுவனத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை உலக மொபைல் நிறுவனங்களின் கூட்டமைப்பே கொண்டுவந்து பல வருடங்கள் ஆகின்றன. நீங்கள் மூன்று கால்களையும் வேறு வேறு நாளில் பேசியிருந்தால், முதல் காலுக்கும் இரண்டாவது காலுக்கும் நடுவிலேயே அவர்களால் நிறுத்தியிருக்க முடியும். இந்த வாதத்தைப் புகாரில் கட்டாயம் எழுதுங்கள்.

இனி மருமகன் சொன்னது. அவர் சொன்னது சரி, ஆனால் நமக்கு இல்லை. வளைகுடாக் கூட்டமைப்பின் ஆறு நாடுகளும் தங்களுக்குள் ரோமிங் கட்டணத்தைக் குறைத்து 2016 ஏப்ரல் முதல் உச்சவரம்பு வைத்தன. அது அந்த நாட்டு சிம் வைத்திருப்பவர்களுக்கு. மருமகன் தன் அமீரக நம்பரோடு ஓமனுக்குப் போனால் அவருக்குக் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியமும் அப்படித்தான். 2017 ஜூன் 15 முதல் அவர்களுக்குள் எங்கே போனாலும் உள்ளூர்க் கட்டணம். அதைவிட எனக்குப் பிடித்த விதி வேறொன்று: அங்கே ரோமிங் டேட்டா கட்டணம் 50 யூரோவைத் தொட்டால் நிறுவனம் தானாகவே இணைப்பை நிறுத்த வேண்டும், வாடிக்கையாளர் 'சரி, தொடரலாம்' என்று சொன்னால்தான் மறுபடி ஓடும். ரோமிங்கில் பொதுவாக உங்களைக் காப்பது நீங்கள் போகிற நாட்டின் சட்டமல்ல, சிம் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டின் சட்டம். நம் நாட்டில் வெளிநாட்டு ரோமிங் விலையை நிறுவனங்களே வைத்துக்கொள்ளலாம் என்று டிராய் விட்டிருக்கிறது. அதனால் "எம்.பி.க்கு ₹500 அநியாயம்" என்று மட்டும் எழுதினால் வேலைக்கு ஆகாது. அநியாயம்தான், ஆனால் சட்டமீறல் அல்ல. உங்கள் பிடி விலையில் இல்லை, எச்சரிக்காமல் விட்டதில் இருக்கிறது.

அப்படியானால் என்ன செய்ய? முதலில், நீங்கள் மறுக்காத தொகையைக் கட்டிவிடுங்கள். ₹500-ம் அதன் ஜி.எஸ்.டி. ₹90-ம், மொத்தம் ₹590. கட்டாமல் ஏமாற்றுகிறவர் என்ற பேச்சுக்கு இடம் வைக்கக்கூடாது. அடுத்து நிறுவனத்தின் புகார் மையமான 198-ஐ அழைத்துப் புகார் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதே விஷயத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் ஷோரூமுக்குப் போய் அங்கே உட்கார்ந்திருக்கும் பையனிடம் அழுதால் அவனும் சேர்ந்து வருத்தப்படுவான், அவ்வளவுதான். எண் இல்லாத புகார் புகாரே இல்லை.

மின்னஞ்சலில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். 80 சதவீத எச்சரிக்கை என்றைக்கு, எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள், அதற்கு ஆதாரம் என்ன? ₹3,000 வரம்பைத் தாண்டியும் ஏன் நிறுத்தவில்லை? வெளிநாட்டில் டேட்டாவுக்கு நான் எப்போது, எப்படிச் சம்மதம் தந்தேன்? கடைசிக் கேள்வியில் கொஞ்சம் கவனம் வேண்டும். ரோமிங்கைக் கேட்டு வாங்கியது நீங்கள்தான். போனில் 'டேட்டா ரோமிங்' பொத்தான் 'ஆன்' ஆகாமல் கால் போயிருக்காது, வீட்டில் யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஷார்ஜாவில் இறங்கியதும் கட்டண விவரத்தோடு ஒரு எஸ்.எம்.எஸ். வந்திருக்கும், நிறுவனம் அதைக் காட்டும். பழைய மெசேஜ்களை அழிக்காமல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், உங்களுக்கு எதிராக இருப்பதையும் சேர்த்து. எச்சரிக்கை மெசேஜ் ஒன்றுமே இல்லை என்றால் உங்கள் கை ஓங்கும். ஆங்கிலத்தில் ஒன்று வந்து நீங்கள் படிக்காமல் விட்டிருந்தால் கொஞ்சம் இறங்கும்.

விவகாரம் முடியும்வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்பதையும் அதே மின்னஞ்சலில் எழுதுங்கள்.

பில் புகாரைச் சில வாரங்களில், அதிகம் போனால் ஆறு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கு நேராகக் கடிதம் போடாதீர்கள். அவர்கள் விதி போடுவார்கள், தனிப்பட்ட ஒருவரின் பில்லைத் தீர்த்துவைப்பது அவர்கள் வேலை இல்லை. மேல்முறையீடும் தோற்றால் நுகர்வோர் ஆணையம். தொலைபேசி வழக்கெல்லாம் அங்கே எடுபடாது என்று பழைய வக்கீல்கள் சிலர் இன்னும் சொல்வார்கள். உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது, மொபைல் நிறுவனங்கள் மீது நுகர்வோர் ஆணையத்தில் தாராளமாக வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் திருநெல்வேலி மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருட அவகாசம் உண்டு. அதற்கு முன் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள், பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும்.

முழுத் தொகையும் தள்ளுபடி ஆகும் என்று நான் சொல்லமாட்டேன். என்னிடம் வந்த இதுபோன்ற பில்களில் அதிகம் நடந்தது ஒரு சமரசம்தான்: அந்த நாட்டுக்கான ரோமிங் பேக்கை முதல் நாளே போட்டதாக வைத்துக்கொண்டு, பேக் விலையை மட்டும் வாங்கிக்கொள்வது. நீங்களே அதை எழுத்தில் கேட்கலாம். சில ஆயிரத்தில் முடிந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். கௌரவத்துக்காகக் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். 'பாக்கி எதுவும் இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டுங்கள்.

நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்றித் தப்பித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பாக்கி இருக்கும்போது போர்ட் ஆகாது. கண்டுகொள்ளாமல் விட்டால் போஸ்ட்பெய்டு பாக்கி கடன் வரலாற்றிலும் ஏற வாய்ப்பு உண்டு, நாளைக்கு வங்கிக் கடனுக்குப் போய் நிற்கும்போது தெரியும். இடையில், பாதுகாப்புக்காக வங்கிக் கிளைக்குப் போய் மின்னஞ்சலையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

சித்திரைப் பயணத்துக்கு வருவோம். பில் தகராறு முடிந்ததும் இந்த நம்பரை ப்ரீபெய்டுக்கு மாற்றிவிடுங்கள். ப்ரீபெய்டில் இருப்பு தீர்ந்தால் கதை முடிந்தது, அதற்குமேல் கடன் ஏறாது. ஐரோப்பாக்காரன் 50 யூரோ என்று சட்டம் போட்டான், நாம் சிம்மிலேயே போட்டுக்கொள்கிறோம். அங்கே போனதும் மகளை ஒரு உள்ளூர் சிம் வாங்கித் தரச் சொல்லுங்கள். இந்திய சிம் போனிலேயே இருக்கட்டும். ஓ.டி.பி. மெசேஜ் வருவதற்கு டேட்டா தேவையில்லை, ரோமிங்கில் உள்வரும் எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பெரும்பாலும் கட்டணமும் இல்லை. ஆனால் கால் வந்தால் எடுக்காதீர்கள். எடுத்தால் காசு.

போன் செட்டிங்கில் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும். இந்திய சிம்முக்கு 'டேட்டா ரோமிங்' அணைந்திருக்க வேண்டும். இரண்டு சிம் போன்களில், ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் தானாக மற்ற சிம்முக்கு டேட்டாவை மாற்றும் வசதி ஒன்று இருக்கும், அதையும் அணைக்க வேண்டும். நல்லது செய்கிறேன் என்று அது செய்கிற வேலையில்தான் பலர் மாட்டுகிறார்கள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் முன்பே இரண்டையும் சரிபாருங்கள், உள்ளே உட்கார்ந்ததும் ஏரோப்ளேன் மோட். சில விமானங்களிலும் கப்பல்களிலும் தனி நெட்வொர்க் உண்டு, நாட்டு பேக் அதற்குச் செல்லாது. வெளிநாட்டுக்கே போகாமலும் போன் அந்நிய நெட்வொர்க்கில் ஒட்டிக்கொள்ளலாம். தனுஷ்கோடி மணலில் நின்றுகொண்டிருந்தபோது 'இலங்கைக்கு நல்வரவு' என்று எனக்கே மெசேஜ் வந்திருக்கிறது.

உள்ளூர் சிம்மிலும் வாட்ஸ்அப் கால் போகாது என்பது ஞாபகம் இருக்கட்டும். தடையைச் சுற்றிப் போக வி.பி.என். என்ற ஆப்பைப் போட்டுப் பேசச் சொல்வார்கள், வேண்டாம். அந்த நாட்டுச் சட்டத்தில் அதைத் தவறாகப் பயன்படுத்தினால் அபராதம் பெரிது. அனுமதி பெற்ற காலிங் ஆப்கள் அங்கே இருக்கின்றன, மகளே ஏதாவது ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டிருப்பார். அதையே வீட்டுக்காரர் போனிலும் போட்டு, கிளம்புமுன் ஒருமுறை பேசிப் பார்த்துவிடுங்கள்.

பில் கட்டக் கடைசி நாள் 18 என்று இருக்கிறது. 17-ஆம் தேதிக்குள் ₹590 கட்டிய ரசீதும் புகார் எண்ணும் உங்கள் கையில் இருக்கட்டும்.