பாட்டியின் சுங்குடியும் பங்குனி மாவடுவும்

வீட்டுக் கோடையில் மறக்க முடியாத ஓர் உடையையும் ஓர் உணவையும் பற்றி எழுதும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நினைவைச் சொல்வதோடு நிற்காமல், அதை இந்த ஆண்டு மறுபடியும் எப்படிச் செய்வது என்றும் கேட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் பாட்டி ஒவ்வோர் ஆண்டும் சித்திரைத் திருவிழாவுக்கு உடுத்திய அரக்கு நிறச் சுங்குடிப் புடவை, அவர் காலமான பிறகு பதினோரு ஆண்டுகளாகப் பீரோவிலேயே இருக்கிறது. என் மகள் அதைக் குர்த்தியாகத் தைத்துக் கல்லூரிக்கு அணிய ஆசைப்படுகிறாள். என் அம்மாவோ, அதில் கத்தரி படக் கூடாது என்று கண்கலங்குகிறார். நான் யார் பக்கம் நிற்பது?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: நான் உங்கள் மகளின் பக்கம். ஆனால் உங்கள் அம்மா சம்மதித்த பிறகே கத்தரியை எடுக்க வேண்டும் என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். இரண்டும் நடக்க வழி இருக்கிறது.

முதலில் புடவையின் நிலையைப் பாருங்கள். பதினோரு ஆண்டுகள் ஒரே மடிப்பில் இருந்த துணி, மடிப்புக் கோட்டிலேதான் முதலில் நைந்து போகும். பகல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்து, எங்கெல்லாம் இழை மெலிந்திருக்கிறது என்று கவனியுங்கள். பிறகு நெடுக்கிலும் குறுக்கிலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். தினமும் உடுத்திய புடவையில், தரையில் உரசிய கீழ்க்கரையும் உட்காரும் இடமும் நைந்திருக்கும். தோளில் கிடந்த பகுதி வியர்வையாலும் வெயிலாலும் வெளுத்திருக்கும். கொசுவத்துக்குள் மடிந்து கிடந்த பகுதி பெரும்பாலும் உறுதியாக இருக்கும்.

ஐந்தரை மீட்டர் புடவையில் ஒரு குர்த்திக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் போதும். அதைக் கொசுவப் பகுதியிலிருந்து எடுத்துக்கொண்டால், முந்தானையோடு சேர்ந்த மூன்று மீட்டர் மீதமிருக்கும். தாவணியின் நீளமே இரண்டரை மீட்டர்தான் என்பதால், அந்தப் பகுதியின் ஓரத்தை மடித்துத் தைத்து உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிடலாம். கோயிலுக்குப் போகும்போது அவர் தோளில் போர்த்திக்கொள்ளட்டும். முந்தானை முழுதாக அவரிடம் இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அவருடைய மனம் இளகக்கூடும் என்று நினைக்கிறேன்.

தையலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய துணி மெல்லியது என்று சொல்லி, தையற்காரர் பாலியஸ்டர் லைனிங் வைத்துத் தைக்கக்கூடும். அது வியர்வையை உறிஞ்சாது. பாட்டியின் புடவை தந்த குளிர்ச்சி முழுவதும் அதனால் போய்விடும். லைனிங் தேவையென்றால் மல் துணியைத் துவைத்துச் சுருங்கவிட்டுக் கொடுங்கள். உடலைப் பிடிக்காமல் தளர்வாகத் தைக்கச் சொல்லுங்கள். இறுக்கமாகத் தைத்தால் பழைய இழை தையல் ஓரத்திலேயே கிழியும், காற்றும் உள்ளே புகாது.

உங்கள் அம்மாவுக்கு இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். என் அப்பத்தா காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டியவர். அகலக் கரையும் கட்டமும் கொண்ட கெட்டியான பருத்திச் சேலை அது. அவருடைய சேலை ஒன்று, உடுத்தி மெலிந்த பிறகு என் தம்பிக்குத் தூளியாயிற்று. அதன் பிறகு வடகம் பிழியும் துணியாயிற்று. கடைசியில் ஊறுகாய் ஜாடியின் வாயில் வேடு கட்டும் துண்டாக, கை அகலத்துக்கு வந்து நின்றது. அப்பத்தா அதை வெட்டும்போதெல்லாம் நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். ஒருமுறைகூட அவர் தயங்கியதில்லை. துணி உழைக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். உங்கள் பாட்டியும் அந்தச் சுங்குடியைக் கட்டிக்கொண்டுதான், அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்று பார்க்கக் கூட்டத்தில் நின்றிருப்பார். தண்ணீர்ப் பந்தலில் நீர்மோரும் பானகமும் வாங்கிக் குடித்திருப்பார். அந்தப் புடவை வெயிலுக்காகவே வாங்கப்பட்டது. அது மறுபடியும் வெயிலுக்கு வரட்டும்.

கேள்வி: அம்மாவின் பழைய சுங்குடியைப் போலவே ஒன்று வாங்க ஆசை. கடைகளில் எல்லாவற்றையும் சுங்குடி என்றே சொல்கிறார்கள். முடிச்சிட்டதையும் அச்சிட்டதையும் எப்படிப் பிரித்து அறிவது?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர சமூகத்தினர் வளர்த்த கலை இது. வெள்ளைத் துணியில் புள்ளி வர வேண்டிய இடத்தைக் கிள்ளியெடுத்து நூலால் இறுகச் சுற்றி முடிச்சிடுவார்கள். இதைப் பெரும்பாலும் பெண்கள் வீட்டில் இருந்தே செய்தார்கள். பிறகு சாயத்தில் முக்குவார்கள். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்த பிறகு துணியை இருபுறமும் இழுத்தால் முடிச்சுகள் தெறித்து அவிழும், வெண்புள்ளிகள் வெளிப்படும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் வேண்டியிருப்பதால், நாளடைவில் மெழுகு அச்சும் திரை அச்சும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

கையால் முடிச்சிட்ட புள்ளிகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. சில சற்றுச் சதுரமாகவும் சில நெளிந்தும், நடுவில் ஒரு பொட்டுச் சாயத்தோடும் இருக்கும். ஓரம் கத்தரித்தாற்போல் இராமல் சாயம் கசிந்திருக்கும். புதுத் துணியாக இருந்தால், புள்ளியைத் தடவும்போது சிறு சுருக்கமும் மேடும் விரலுக்குத் தெரியும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவாக, ஒரே வரிசையாக, பின்புறம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் அது அச்சு. மதுரைச் சுங்குடிக்கு 2005-ஆம் ஆண்டிலும் காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; வாங்கும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள். மெழுகு அச்சுப் புடவையும் நல்ல பருத்தியில் இருந்தால் கோடைக்கு ஏற்றதே. ஆனால் முடிச்சிட்டதற்கான விலையை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்று கடைக்காரர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சாயமிடும்போது உப்பு உதவுவது உண்மை. சாயமிட்டு முடித்த துணியில் அது பெரிதாக எதையும் செய்துவிடாது. முதல் நான்கைந்து முறை தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். அதுவே நம்பத்தக்க வழி.

கேள்வி: எங்கள் வீட்டில் அத்தை போடும் மாவடு ஓராண்டு கெடாமல் இருக்கும். நான் போட்டதில் பத்தே நாளில் பூசணம் பூத்துவிட்டது. அளவு கேட்டால், "கையளவுதான்" என்கிறார். நான் எங்கே தவறினேன்?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மாவடுவில் பூசணம் பிடித்தால், ஈரம் இருந்திருக்கும், அல்லது உப்பு குறைந்திருக்கும், அல்லது வடுக்கள் உப்புநீருக்கு மேலே மிதந்திருக்கும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால், கழுவிய வடுக்களை அரை மணி நேரத்திலேயே ஜாடியில் போட்டிருக்கிறீர்கள். ஈரம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

மாசியிலும் பங்குனியிலும் கிடைக்கும் உருண்டை வடுக்களை, அடிபடாதவையாக, சிறு காம்போடு தேர்ந்தெடுங்கள். காம்பை அடியோடு கிள்ளிவிட்டால் பால் வடிந்து, அந்த வாய் வழியாகவே வடு கெடத் தொடங்கும். கழுவித் துணியில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்து, நிழலில் சில மணி நேரம் உலரவிடுங்கள். ஒரு கிலோ வடுவுக்கு இரண்டு மேசைக்கரண்டி விளக்கெண்ணெயைத் தடவிப் புரட்டுங்கள். பிறகு, நன்றாகக் காய்ந்த ஜாடியில் ஒரு வரிசை வடு, ஒரு வரிசை கல்லுப்பு என்று மஞ்சள்தூளோடு சேர்த்து நிரப்புங்கள். கல்லுப்பு 150 முதல் 200 கிராம் வரை வேண்டும். நாள்தோறும் ஜாடியைக் குலுக்கிவிட்டால், மூன்று நான்கு நாட்களில் வடு நீர் விட்டுத் தோல் சுருங்கத் தொடங்கும். அந்த உப்புநீரில் கொஞ்சம் எடுத்து, 50 கிராம் காய்ந்த மிளகாயையும் 25 கிராம் கடுகையும் அரைத்துக் கலந்துவிடுங்கள். வடுக்கள் எப்போதும் நீருக்குள்ளேயே அமிழ்ந்திருக்க வேண்டும். ஜாடியின் வாயில் பருத்தித் துணியால் வேடு கட்டி, மேலே மூடி வையுங்கள். இரண்டு வாரங்களுக்குப் பிறகு, ஈரம்படாத மரக்கரண்டியால் எடுங்கள்.

அத்தையின் கையளவைப் பற்றி ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அவர் உப்பை அள்ளும்போது, ஜாடியில் போடும் முன்பு தராசில் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். என் அப்பத்தாவிடம் நான் அதைச் செய்யவில்லை. அவருடைய மாவடுவின் சுவையை இன்றைக்கும் நாக்கில் தேடிக்கொண்டிருக்கிறேன். மேலே சொன்ன அளவு நல்ல அளவுதான். ஆனாலும் அது அவருடையது அன்று.

கேள்வி: என் தாத்தா கோடை முழுவதும் கதர் வேட்டி, தோளில் துண்டு என்றே இருந்தார். அலுவலகம் செல்லும் நான் அதில் எதைப் பின்பற்ற முடியும்?
— ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் பக்கத்து ஊர்க் கதை ஒன்று கதருக்குப் பின்னால் இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். உங்கள் தாத்தாவின் தலைமுறைக்குக் கதர் ஒரு கொள்கையாகவும் இருந்தது; நம் வெயிலுக்கு ஏற்றதாகவும் இருந்தது. கையால் நூற்ற இழை சீராக இராததால் துணியில் காற்றுக்கு இடம் இருக்கும், வியர்வையையும் நன்றாக உறிஞ்சும். அலுவலகத்துக்கு வெளிர்நிறக் கதர் அல்லது கைத்தறி அரைக்கைச் சட்டையைச் சற்றுத் தளர்வாகத் தைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாலு முழ மல் வேட்டி கட்டுங்கள். துண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெயிலில் போகும்போது நனைத்துப் பிழிந்து தலையில் போட்டுக்கொள்ள அதைவிட எளிய பொருளை நான் கண்டதில்லை.

கேள்வி: அக்னி நட்சத்திரத்தில் பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடலாமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: போடலாம், மிக நீர்க்கப் போடுங்கள். கெட்டிக் கஞ்சி இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைத்துவிடும்; விறைப்பாக இருக்கும், வேர்க்கவும் செய்யும். சோறு வடித்த கஞ்சியை வடிகட்டி, தாராளமாகத் தண்ணீர் சேர்த்து நனைத்து, நிழலில் உலர்த்தினால் போதும். கோடை முடிந்து புடவையை எடுத்து வைக்கும்போது கஞ்சி முழுவதும் போக அலசிவிடுங்கள். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி நல்ல தீனி.

கேள்வி: தாத்தாவின் பழைய வேட்டியில் பாட்டி மொட்டை மாடியில் கூழ் வடகம் ஊற்றுவார். நான் அடுக்குமாடியில் இருக்கிறேன், மாடிக்குச் செல்ல அனுமதி இல்லை. பலகணியில் நான்கு மணி நேரமே வெயில் வரும். முடியுமா?
— ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: முடியும், சிறிய அளவில். ஒரு கிண்ணம் ஜவ்வரிசியோடு தொடங்குங்கள். கூழைப் பெரிய வட்டமாக ஊற்றாமல் காசு அளவில் மெல்லியதாக ஊற்றுங்கள். வெயில் போனதும் உள்ளே எடுத்து மின்விசிறிக்குக் கீழே வைத்து, மறுநாள் மீண்டும் வெயிலில் வையுங்கள். முதல் நாளே மேற்புறம் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்காகக் காலை வெயில் விழத் தொடங்கும் நேரத்திலேயே ஊற்றிவிடுங்கள். உப்பையும் பச்சைமிளகாயையும் சற்றுக் குறைத்தே சேர்க்க வேண்டும், வற்றிய பிறகு இரண்டும் தூக்கலாகத் தெரியும்.

பிளாஸ்டிக் விரிப்பில் ஊற்றினால் காய்ந்ததும் தானாகவே பெயர்ந்துவிடும், வேலை எளிது. ஆனாலும் தாத்தாவின் வேட்டி இன்னும் உங்களிடம் இருப்பதாக எழுதியிருப்பதால், அதிலேயே ஊற்றுங்கள் என்பேன். வேட்டியை நனைத்துப் பிழிந்து, ஒரு பலகையின் மேல் இழுத்து விரித்து ஊற்றுங்கள். காய்ந்த பிறகு துணியைத் திருப்பிப் போட்டுப் பின்புறம் தண்ணீர் தெளித்து, சிறிது நேரம் கழித்து ஓரத்திலிருந்து உரித்தால் வடகம் முழுதாக வரும். உரித்தவற்றைத் தட்டில் பரப்பி, உடைத்தால் சடக்கென்று ஒடியும்வரை இன்னும் இரண்டு நாள் காயவைத்து டப்பாவில் அடையுங்கள். வேட்டியை வெறும் தண்ணீரில் ஊறவைத்து மாவு போக அலசி, அதே பலகணி வெயிலில் உலர்த்தி மடித்து வையுங்கள். அடுத்த பங்குனிக்கு வேண்டியிருக்கும்.