சந்தியில் பேனர் கட்டுவதற்காக சேமலாப நிதியை உடைப்பதா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டம். மகள் உயிரியல் பிரிவில் முதல் தடவை ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதி 2 சி, 1 எஸ் எடுத்தாள். கம்பஸ் போக வேண்டிய வெட்டுப்புள்ளிக்குக் காணாது. பணிய லயத்துப் (கீழ் வரிசை வீட்டுப்) பிள்ளைக்கு மெடிசின் கிடைத்து சந்தியில் பேனரே கட்டிவிட்டார்கள், எங்களைக் கண்டால் “உங்க மகளுக்கு என்னாச்சு?” என்றுதான் கேட்கிறார்கள். அவள் கடைக்குக்கூடப் போவதில்லை. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் 3 வருட பட்டப்படிப்புக்கு 22 லட்சம். கணவருக்கு 55 வயதாகி சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) 16 லட்சம் கைக்கு வந்திருக்கிறது. நான் இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறேன். கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீங்க அக்கா.

22 லட்சம் என்பது கட்டணம் மட்டும்தான். போர்டிங், சாப்பாடு, பஸ் எல்லாம் மாதம் 35,000 என்று குறைத்தே போட்டாலும் 36 மாதத்துக்கு 12 லட்சத்து 60 ஆயிரம் வருகிறது, ஆக மொத்தம் 34 லட்சத்து 60 ஆயிரம், கையில் இருப்பதைக் கழித்தால் 18 லட்சத்து 60 ஆயிரம் துண்டு விழும். 2024 இல் தீர்மானித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் பார்த்தால் அது கிட்டத்தட்ட 1,380 முழுப் பேர் (முழு நாள் சம்பளம்), ஒரு அரைப்பேர்கூட (அரை நாள்) விழாமல். நகை அடகுக்குப் போகும், அப்புறம் நுண்கடன்காரர் வாசலுக்கு வருவார். கணவருக்குப் பென்ஷனும் கிடையாது, அந்த 16 லட்சம்தான் அவருடைய பென்ஷன். அவர் பெயரில் நிலையான வைப்பில் போட்டு மாதாமாதம் வட்டியை எடுங்கள்.

இன்னொன்று. கடிதத்தில் பேனர் இருக்கிறது, கேட்கிற சனம் இருக்கிறது, மகளுக்கு என்ன படிக்க ஆசை என்று மட்டும் ஒரு வரி இல்லை. (எனக்கு முதல் தடவை சரிவராதபோது தீபாவளிக்கு வந்த மாமா ஒருவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே ரிசல்ட் கேட்டார், பதில் சொல்லாமல் தண்ணீர் எடுக்கப் போனவன் அவர் கிளம்பின பிறகுதான் திரும்பினேன்.)

அவளுக்கு இன்னும் இரண்டு தடவை இருக்கிறது. உயிரியல் போன்ற பிரிவுகளில் இடங்களை 40 வீதம் தீவளாவிய தரத்துக்கும், 55 வீதம் மாவட்டத்துக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பிரிக்கிறார்கள், நுவரெலியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. மெடிசின் என்று பிடிவாதம் பிடிக்காவிட்டால் வேறு பாடநெறிகளும் இருக்கின்றன. அரசாங்க கம்பஸ் கிடைத்தால் கட்டணமே இல்லை, மஹாபொல உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஒரு வருட டியூஷனும் பஸ் காசும் எப்படிப் பார்த்தாலும் அந்த 22 லட்சத்தில் ஒரு மூலைக்குக் காணாது.

திரும்ப எழுத மனமில்லை என்றால் அதுவும் சரி. உயர் தொழில்நுட்ப நிறுவனங்களின் எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா), ஆசிரியராகப் பயில பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி, வேலை பார்த்துக்கொண்டே படிக்க திறந்த பல்கலைக்கழகம், எதற்கும் வர்த்தமானியிலோ பத்திரிகையிலோ விண்ணப்ப அறிவிப்பு வரும்.

அந்தத் தனியார் படிப்பைத்தான் அவளே கேட்கிறாள் என்றால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள், அரசு வட்டியில்லாக் கடன் கொடுக்கும் பட்டியலில் அது இருக்கிறதா என்றும் கேளுங்கள், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். “இந்த வாரமே கட்டினால் கழிவு” என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.