அந்த முகச்சுளிப்பு எந்தக் கேள்விக்கு?

கேள்வி: டிவி பேட்டியில் கேள்வி கேட்டதுமே அந்த அதிகாரி முகம் சுளித்தார். ‘பொய் சொல்றார், முகத்திலேயே தெரியுது’ என்கிறாள் 8-ஆம் வகுப்பு படிக்கும் மகள். நம்பலாமா? முகம் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்க ஆன்லைனில் சான்றிதழ் வகுப்பு இருக்கிறதாம். சேர்க்கட்டுமா?

பதில்: சேர்க்காதீர்கள். மூக்கைத் தொட்டால் பொய், கண் சிமிட்டினால் பதற்றம் என்று பட்டியல் போட்டு விற்கிறவர்கள் இவர்கள். ஒருவர் சொல்வது பொய்யா, மெய்யா என்று மனிதர்கள் எவ்வளவு சரியாகச் சொல்கிறார்கள்? இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் கணக்குப் பார்த்தார்கள். சராசரி 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். மிச்சம் நாலு சதவீதத்துக்கா கட்டணம்? திரையை எப்படிப் பார்ப்பது என்று பல பள்ளிகளில் தனியாகச் சொல்லித்தருவதில்லை. அந்தச் சந்தில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள்.

சரி, மகள் விஷயத்துக்கு வருவோம். ஒரே கேமராவோடு எடுக்கும் பேட்டியில் கேமரா பதில் சொல்கிறவரையே பார்த்துக்கொண்டிருக்கும். பேட்டி முடிந்த பிறகு நிருபர் கேமரா முன் அதே கேள்விகளை மறுபடி கேட்பார், சும்மா தலையாட்டுவார். எடிட்டிங்கில் எல்லாவற்றையும் கோப்பார்கள். பெரும்பாலும் இதில் சூது இல்லை; நீளப் பேச்சைச் சுருக்கும்போது படம் குதிக்காமல் இருக்கத்தான். ஆனால் அந்தச் சுளிப்பு வேறு கேள்விக்கோ, கண்ணில் விழுந்த விளக்கு வெளிச்சத்துக்கோ வந்ததாக இருக்கலாம். ஒரே முகத்தைச் சூப் கிண்ணத்தின் பக்கத்தில் ஒட்டினால் பசியாகவும், சவப்பெட்டியின் பக்கத்தில் ஒட்டினால் துக்கமாகவும் தெரியும் என்ற சோதனை ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் பெயரில் 100 ஆண்டுகளாகப் பேசப்படுகிறது.

மகளை ஒன்றே ஒன்று கவனிக்கச் சொல்லுங்கள்: கேட்பவரும் பதில் சொல்பவரும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் தெரிகிறார்களா? இல்லையென்றால் அந்த முகத்தை வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது.

நேரலை மட்டும் விலக்கு. அதில் முந்தைய முகத்தைக் கொண்டுவந்து ஒட்ட முடியாது. ஆனால் மூலையில் ‘நேரலை’ என்று இருப்பதெல்லாம் நேரலை இல்லை. ஸ்டுடியோவில் பேசுகிறவர் நேரலையில் இருப்பார். பக்கத்துக் கட்டத்தில் ஓடும் கூட்டக் காட்சி போன வருடத்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே முத்திரை! ‘கோப்புக் காட்சி’ என்று போட்டாலும் எறும்பு எழுத்தில்தான் போடுவார்கள். விளம்பரத்துக்கு மட்டும் அரைத் திரை கிடைக்கும். அதே நேரலையை இரவில் சுருக்கி மறுஒளிபரப்பினால் அதற்கும் இந்த விலக்கு பொருந்தாது.

பேட்டியின் முழு வீடியோ கிடைத்தால் அந்த இடத்தைத் தேடிப் போட்டு, கேள்விக்கு முன்னும் பின்னும் அரை நிமிடம் சேர்த்து மகளோடு பாருங்கள். செலவில்லை, சான்றிதழும் இல்லை.