பதில்: பிஎம்இ680 போர்டு ஏன் தப்பாகக் காட்டுகிறது?

நியூரம்பெர்க் எம்பெடெட் வேர்ல்டு மின்னணுக் கண்காட்சியில் பார்த்துவிட்டு வாங்கிய பிஎம்இ680 காற்று சென்சார் போர்டு, வீட்டில் வெப்பநிலையை 4 டிகிரி கூட்டிக் காட்டுகிறது, ஜன்னல் திறந்திருந்தும் கார்பன் டை ஆக்சைடு 1800 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 1800) என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். போர்டு பழுது என்று எனக்குத் தோன்றவில்லை.

வெப்பநிலை சுலபம். அந்தச் சில்லுக்குள்ளேயே வாயுவை உணர ஒரு குட்டி ஹீட்டர் இருக்கிறது. 300 டிகிரிக்கு மேல்கூடச் சூடாகும். போதாததற்கு, உங்கள் படத்தில் சென்சாரை இயக்கும், தானும் சூடாகும் ஈஎஸ்பி32 கணினிச் சில்லு அதை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. சென்சாரை நாலு விரல் நீள வயரில் தள்ளி வையுங்கள். இந்த சென்சாரின் அளவைக் கணக்கிடும் பிசெக் என்ற மென்பொருள் நூலகத்தில் 3 விநாடிக்குப் பதில் 300 விநாடிக்கு ஒருமுறை அளக்கும் முறையைப் போடுங்கள். மிச்சம் கூடுதலாகக் காட்டுவதை ஆஃப்செட்டில், அதாவது நிரலில் போடும் நிலையான திருத்த எண்ணில், கழித்துவிடலாம்.

கார்பன் டை ஆக்சைடு விஷயம்தான் வில்லங்கம். இந்த சென்சார் அதை அளப்பதே இல்லை! ஆவியாகும் கரிமப் பொருள்களை மோப்பம் பிடித்து, அதிலிருந்து ஓர் ஊக எண்ணைத் தருகிறது. என் வீட்டில் ரசத்துக்குத் தாளித்தாலே 2000 தாண்டும். ஸ்டாலில் மூச்சு ஊதிக் காட்டினால் எண் ஏறத்தான் செய்யும், பார்க்கவும் நன்றாக இருக்கும். பிசெக் 0 முதல் 3 வரை காட்டும் துல்லிய நிலை 3 வரும்வரை அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். சில நாள் ஓடட்டும்.

நிஜ அளவு வேண்டுமென்றால் சென்சிரியன் நிறுவனத்தின் எஸ்சிடி41 என்ற கார்பன் டை ஆக்சைடு சென்சாரை வாங்குங்கள். ஒளி பாய்ச்சி, வாயு எழுப்பும் ஒலியைக் கேட்டு அளக்கிறது, 5000 பிபிஎம் வரை. ஆனால் வாரம் ஒருமுறையாவது வெளிக்காற்று படவேண்டும், இல்லாவிட்டால் அதன் தானியங்கித் திருத்தம் தடம் மாறிவிடும்.