தட்டில் வளராத கிருமிக்கு மருந்து

கேள்வி: என் கணவருக்குத் தொழுநோய் என்று மாத்திரை அட்டை கொடுத்திருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் மகனோ, "இந்தக் கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கவே முடியாதாம்" என்கிறான். வளர்க்க முடியாததை மருந்து கொல்லும் என்று எப்படித் தெரியும்? இதைக் கேட்டதிலிருந்து அவர் மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார்.
வாசகி, பெகு

பதில்: அம்மா, மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். அதுதான் முதல் பேச்சு.

மகன் சொன்னது உண்மைதான். 1873இல் நார்வேயில் ஹான்சன் கண்டுபிடித்த கிருமி இது. இன்றுவரை எந்த ஊட்டத்தட்டிலும் வளரவில்லை. அதன் மரபணுக்களில் பல செயலிழந்துவிட்டதால், நம் செல்லுக்குள் ஒண்டித்தான் பிழைக்கிறது. ஒன்று இரண்டாகவே இரண்டு வாரம் ஆகும். ரங்கூனில் ஆய்வுக்கூட வேலையில் இருந்தபோது காசநோய்க் கிருமிக்கே வாரக்கணக்கில் காத்திருப்போம். அது கிட்டத்தட்ட ஒரு நாளில் இரட்டிப்பாகிற கிருமி!

தொழுநோய்க் கிருமிக்குச் சூடு ஆகாது. மூக்கு, காது மடல், கை கால் என்று உடம்பில் குளிர்ந்த இடமாகத்தான் தேடும். 1960இல் அமெரிக்காவில் ஷெப்பர்டு என்பவர், சுண்டெலியின் பின்னங்கால் பாதத்தில் சில ஆயிரம் கிருமிகளை ஊசியால் செலுத்தினார். அங்கே வளர்ந்தது. மாதக்கணக்கில் பொறுத்திருந்தால் பத்து லட்சம் அளவுக்குப் பெருகும். அப்புறம் சோதனைக்கு வழி பிறந்துவிட்டது. சில எலிகளுக்கு வெறும் தீனி, சிலவற்றுக்கு மருந்து கலந்த தீனி. கடைசியில் பாதத்தை எடுத்து நுண்ணோக்கியில் கிருமியை எண்ணுவார்கள். மருந்து தின்ற எலியில் கிருமி பெருகவில்லை என்றால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். எத்தனை பொறுமை வேண்டும் பாருங்கள்! அந்த ஆட்களை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

மலாயாவின் சுங்கை பூலோ நோயாளிகளிடம் எடுத்த கிருமி, அப்போது தொழுநோய்க்குக் கொடுத்துவந்த டாப்சோன் என்ற மருந்தைத் தின்ற எலியிலும் வளர்ந்தது. அந்த ஒற்றை மருந்தை எதிர்க்கக் கிருமி பழகிவிட்டது என்று 1964இல் நிரூபணமானது அப்படித்தான். மாறாக, ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்தை ஒரு வேளை சாப்பிட்டவரிடம் சில நாள் கழித்து எடுத்த கிருமி, எலியில் வளரவே இல்லை. ஆகவேதான் 1981இல் உலக சுகாதார நிறுவனம், ஒற்றை மருந்துக்குப் பதிலாகப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்தைச் சிபாரிசு செய்தது. உங்கள் கணவரின் அட்டையில் இருப்பது அதுதான். இப்போது மருந்து எதிர்ப்பைப் பெரும்பாலும் மரபணுச் சோதனையிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் சிவக்கும். கூட்டு மருந்தில் வரும் குளோஃபாசிமைன் தோலைக் கறுக்க வைக்கும், மருந்து முடிந்த பிறகு மெல்ல மங்கும். இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் நரம்பு வலித்தாலோ, புதிதாகக் கை கால் மரத்தாலோ, கண் சிவந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அப்போதும் மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை விடக் கூடாது.