ஈம் கிராமப் பங்கும் 1665ஆம் ஆண்டுக் கொள்ளைநோயும்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் டர்பிஷர் மலைப்பகுதியிலுள்ள ஈம் கிராமம் குறித்து வந்த கேள்விகளுக்கு, பழைய பங்குப் (ஒரு தேவாலயத்தின் ஆளுகைக்குட்பட்ட ஊர் வட்டம்) பதிவேடுகளைப் பயின்றுவரும் உறுப்பினர் அளித்த பதில்கள்.

கேள்வி: நோய் அங்கே எப்படி வந்தது?

லண்டனிலிருந்து ஊர்த் தையற்காரருக்கு வந்த துணிப்பொதியோடு வந்தது என்பது வழிவழிச் செய்தி. அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ் 1665 செப்டம்பர் 7ஆம் நாள் அடக்கம் செய்யப்பட்டார்.

கேள்வி: நோய் வெளியூர்களுக்குப் பரவாதிருக்க ஊரே தன்னை அடைத்துக்கொண்டதாமே, அப்படிச் செய்யவைத்தவர் குருவானவர் வில்லியம் மொம்பெசன்தானே?

அவர் மட்டும் அல்லர். தாமஸ் ஸ்டான்லியை மறப்பது பெரும் அநீதி. மொம்பெசன் 1664இல்தான் குருவானவராக வந்தார். ஸ்டான்லியோ அவருக்கு முன்பே அங்கு ஊழியம் செய்து, இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு முறையைக் கட்டாயமாக்கிய 1662ஆம் ஆண்டின் வழிபாட்டுச் சீர்மைச் சட்டத்துக்கு இணங்க மறுத்ததால் நீக்கப்பட்டவர். ஆயினும் மக்களில் பலர் அவர் சொல்லையே மதித்தனர். கொள்கையில் எதிரெதிராக நின்ற அவ்விருவரும் 1666 ஜூனில் கைகோத்ததால்தான், எவரும் எல்லை தாண்டுவதில்லை, இறந்தோரை அவரவர் குடும்பத்தாரே புதைப்பது, கோயிலைப் பூட்டிவிட்டுக் கக்லெட் டெல்ஃப் பள்ளத்தாக்கில் திறந்தவெளியில் வழிபடுவது என்னும் முடிவுகளுக்கு ஊர் உடன்பட்டது. வெளியூரார் எல்லையில் உணவை வைத்துச் சென்றனர். அதற்குரிய காசு, தொற்று நீங்கும் என்று நம்பி, எல்லைக்கல்லின் குழிகளில் ஊற்றிய வினிகரில் இடப்பட்டது.

கேள்வி: தம் பிள்ளைகளை மட்டும் மொம்பெசன் வெளியூருக்கு அனுப்பிவிட்டாரே, அது நேர்மையா?

ஊர் அடைபடுவதற்கு முன்பே அவர்கள் சென்றுவிட்டனர். அவருடைய மனைவி கேத்தரின் அவரோடு தங்கி, நோயுற்றோரைப் பார்த்து, 1666 ஆகஸ்டு 25ஆம் நாள் மாண்டார்.

மறுகேள்வி: ஆனாலும் சுமை ஏழைகள் மீதுதானே விழுந்தது?

ஆம், இதை நான் மறுக்கவில்லை. வசதியுள்ள சிலர் முன்னரே வெளியேறினர். ஏழைகளுக்குப் போக்கிடமே இல்லை. எலிசபெத் ஹான்காக் என்னும் பெண், எட்டே நாள்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இழந்து, தாமே குழி தோண்டிப் புதைத்தார். மொம்பெசனைப் போற்றுவோரும் பழிப்போரும் முதலில் அந்தக் கல்லறைகளின் முன் நிற்க வேண்டும்.

கேள்வி: மொத்தம் எத்தனை பேர் இறந்தனர்?

இதே கேள்வி மூன்றாம் முறையாக வருகிறது. வழக்கமாகச் சொல்லப்படும் எண் 260. விகிதம் கேட்காதீர்கள், ஊரின் மக்கள்தொகையை 350 என்போரும் உண்டு, 700க்கு மேல் என்போரும் உண்டு.

கேள்வி: பிழைத்தவர்களை அவர்களின் மரபணுதான் காத்தது என்கிறார்களே?

அது என் துறையன்று, மரபியலாரைக் கேளுங்கள்.

கேள்வி: பதிவேட்டில் 1665 பிப்ரவரி என்றிருந்தால், நோய் செப்டம்பருக்கு முன்பே வந்துவிட்டதா?

இல்லை. திரும்பத் திரும்ப எச்சரிக்கிறேன்: இங்கிலாந்தில் 1752க்கு முன்பு புத்தாண்டு மார்ச் 25ஆம் நாள்தான் பிறந்தது. ஆகவே அது நம் கணக்கில் 1666 பிப்ரவரி.