ஏர்பேக் லைட் அணையவே மாட்டேங்குது, பழைய வண்டிக்கு இவ்வளவு செலவு தேவையா?

கேள்வி: சார், என்கிட்ட இருக்கறது 2011 மாடல் டீசல் செடான். 2,30,000 கிலோமீட்டர் ஓடிருச்சு, ரெண்டு ஏர்பேக். கொஞ்ச நாளா மீட்டர்ல சிவப்பு ஏர்பேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல காட்டினா ஸ்டியரிங் ஏர்பேக், அதுக்குக் கீழ ஏதோ கேபிள், கன்ட்ரோல் யூனிட் மூணையும் மாத்தணும்னு 68,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் குடுக்கறாங்க. வண்டிய வித்தாலே ஒன்றரை லட்சம் வந்தா பெருசு. எங்க ஏரியா எலக்ட்ரீஷியன் "ரெண்டாயிரம் குடுங்க, லைட்ட அணைச்சுத் தர்றேன்"ங்கறார். மனைவி, காலேஜ் படிக்கற பொண்ணோட அடிக்கடி மதுரை போயிட்டு வர்றோம். என்ன பண்ணலாம்?
- வாசகர், திருச்சி

பதில்: சார், முதல்ல அந்த ரெண்டாயிரம் ரூபாய் வைத்தியத்த மறந்துருங்க. அவர் என்ன பண்ணுவார்னா, ஏர்பேக் கனெக்டரக் கழட்டிட்டு அந்த இடத்துல ரெண்டு மூணு ஓம் ரெசிஸ்டர் ஒண்ண சொருகிருவார், கன்ட்ரோல் யூனிட் அதப் பார்த்துட்டு ஏர்பேக் இருக்குன்னு நம்பி லைட்ட அணைச்சிரும். இல்லன்னா மீட்டரப் பிரிச்சு பல்ப உருவிருவார். ரெண்டுலயும் ஏர்பேக் வேலை செய்யாது, ஆனா வேலை செய்யலன்னு சொல்ல இருந்த ஒரே ஆளையும் வாய அடைச்சாச்சு. நாளைக்கு நீங்க வண்டிய விக்கறப்போ வாங்கறவருக்கும் தெரியாது. லைட் எரிய எரிய ஓட்டறது கூட பரவால்ல, இது வேண்டாம்.

இப்போ 68,000க்கு வருவோம். மூணு பார்ட்ஸ் பேர் சொல்லியிருக்காங்க, ஆனா ஃபால்ட் கோடு, அதாவது எங்க கோளாறுன்னு ஸ்கேனர் காட்டற குறியீடு, என்னன்னு உங்க லெட்டர்ல இல்ல, அவங்களும் சொல்லலன்னு நினைக்கறேன். திரும்பப் போய் "ஸ்கேன் ரிப்போர்ட்ட பிரிண்ட் எடுத்துக் குடுங்க"ன்னு கேளுங்க, நீங்க காசு குடுத்துத்தான ஸ்கேன் பண்ணியிருக்கீங்க, தாராளமா கேக்கலாம். ஏர்பேக் கோடெல்லாம் இங்கிலீஷ் 'B'ல ஆரம்பிக்கும். ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கற ப்ளூடூத் ஸ்கேனர் இதப் படிக்காது, அது பெரும்பாலும் எஞ்சின் கோடு மட்டும்தான் பார்க்கும். அதனால அதுல 'நோ ஃபால்ட்'னு வந்துச்சுன்னு நிம்மதியாயிராதீங்க. ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டுக்குள்ள போய்ப் பார்க்கற ஸ்கேனர் வச்சிருக்கற நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் உங்க ஊர்லயே இருப்பாங்க.

கோடு வந்தா பாதி குழப்பம் தீந்துரும். 'டிரைவர் ஏர்பேக் சர்க்யூட், ரெசிஸ்டன்ஸ் ஹை' அப்படிங்கற மாதிரி வந்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஏர்பேக்க இல்ல, நீங்க ஏதோ கேபிள்னு எழுதியிருக்கீங்களே, அதத்தான். கிளாக் ஸ்பிரிங்னு சொல்லுவாங்க, ஸ்பைரல் கேபிள்னும் பில்லுல வரும். ஸ்டியரிங் ரெண்டு பக்கமும் சுத்தணும், அதே நேரம் அதுக்குள்ள இருக்கற ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் கரண்ட் போகணும், அதுக்காக பழைய கேசட் டேப் மாதிரி ஒரு மெல்லிசான பட்டை ஒயர ஒரு வட்ட டப்பாக்குள்ள சுருட்டி வச்சிருப்பாங்க. ரெண்டு லட்சம் கிலோமீட்டர்ல அது எத்தனை தடவ சுருண்டு விரிஞ்சிருக்கும், ஒரு நாள் உள்ள விரிசல் விட்டு அறுந்துரும். இதுக்கு ஒரு சின்ன டெஸ்ட் நீங்களே பண்ணலாம்: ஹாரன் சில நேரம் அடிக்குது சில நேரம் அடிக்கலையா, ஸ்டியரிங்ல வால்யூம் பட்டன் இருந்தா அது செத்துப் போச்சா? ஆமான்னா கிட்டத்தட்ட உறுதி, கிளாக் ஸ்பிரிங்தான். இன்னொரு விஷயம், லைட் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஸ்டியரிங் ராக் வேலை, ஸ்டியரிங் தண்டு (காலம்) வேலை ஏதாவது பார்த்தீங்களா? ஸ்டியரிங்கக் கழட்டி திரும்ப மாட்டறப்போ இந்த டப்பாவ சென்டர்ல வைக்காம மாட்டிட்டாங்கன்னா முதல் யூ-டர்ன்லயே பட்டை இழுத்து அறுந்துரும், நிறைய வண்டில கதை இதுதான்.

சீட்டுக்கு அடியில இருக்கற மஞ்சக் கலர் கனெக்டரையும் பார்க்கச் சொல்லுங்க. ஏர்பேக் சிஸ்டத்தோட ஒயர், கனெக்டர் எல்லாம் பெரும்பாலும் மஞ்சள்லதான் இருக்கும். சீட் பெல்ட் பக்கிள்லயோ, பெல்ட்ட இறுக்கற பிரீடென்ஷனர்லயோ இருந்து வர்ற ஒயர் சீட்ட முன்ன பின்ன தள்ளித் தள்ளி லூஸாயிரும், வாட்டர் வாஷ்ல உள்ள வேக்யூம் போடற பையன் இழுத்துட்டாலும் போச்சு. பேட்டரி வீக்காகி வோல்டேஜ் இறங்கினாலும் கோடு விழும், பேட்டரி மாத்தின பிறகும் ஸ்கேனர்ல கிளியர் பண்ற வரைக்கும் லைட் அப்படியே நிக்கற வண்டிகள் உண்டு.

கன்ட்ரோல் யூனிட் மாத்தணும்னா அதுக்குத் தனியா காரணம் கேளுங்க. வண்டி முன்னாடி அடிபட்டு ஏர்பேக் ஓப்பன் ஆகியிருந்தா அதுக்குள்ள கிராஷ் டேட்டா பதிஞ்சிருக்கும், அப்போ மாத்தணும். இல்லன்னா தண்ணி போயிருக்கணும். நிறைய வண்டில அது கியர் லீவருக்குப் பக்கத்துல, கன்சோலுக்கு அடியில தரையோட தரையா உக்காந்திருக்கும், 2015 சென்னை வெள்ளத்துலயும் 2023 டிசம்பர்லயும் முழுகி எழுந்த வண்டில எல்லாம் இதான் பெரிய தலைவலி. உங்க வண்டி முழுகவும் இல்ல, இடிக்கவும் இல்லன்னா மூணும் ஒரே நேரத்துல போச்சுங்கறத என்னால நம்ப முடியல. ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ண சோம்பேறித்தனப்பட்டு செட்டா மாத்தற எஸ்டிமேட் மாதிரிதான் தெரியுது.

சரி, செலவு பண்ணலாமா? எல்லாரும் பண்ற கணக்கு வண்டியோட விலைய வச்சு: ஒன்றரை லட்ச ரூபாய் வண்டிக்கு 68,000மா? இதுல அந்தக் கணக்கு உதவாது. ஏசி ரிப்பேருக்கு அப்படிப் பாருங்க, தப்பில்ல. ஏர்பேக்குக்குப் பார்க்க வேண்டியது, இன்னும் எத்தனை வருஷம் இந்த வண்டிய வச்சிருப்பீங்க, எந்த ரோட்டுல, யாரோட போவீங்க. டவுனுக்குள்ள காய்கறி வாங்கப் போற வண்டின்னா வேற மாதிரி சொல்லியிருப்பேன். நீங்க குடும்பத்தோட திருச்சி-மதுரை நாலு வழிச் சாலையில போறீங்க, துவரங்குறிச்சி தாண்டினா யாரும் நூறுக்குக் கீழ போறதில்ல, மீடியன் கட்ல ஒரு டிராக்டர் குறுக்க வந்தா அங்க 2011 மாடல்னு யாரும் சலுகை தரப்போறதில்ல. அதோட லைட் எரியறப்போ ஏர்பேக் மட்டும் போகல. பல வண்டிகள்ல அடிபட்ட நொடியில சீட் பெல்ட்ட இறுக்கிப் பிடிக்கற பிரீடென்ஷனரும் இதே சிஸ்டம்தான், அதுவும் சேர்ந்து தூங்கிரும்.

அதனால என் யோசனை இது. கிளாக் ஸ்பிரிங், கனெக்டர், ஒயரிங், பேட்டரி இந்த அளவுல முடியற வேலைன்னா யோசிக்கவே வேண்டாம், பண்ணிருங்க. கிளாக் ஸ்பிரிங் புதுசா, ஒரிஜினலா வாங்குங்க. நிஜமாவே ஏர்பேக்கும் யூனிட்டும் போயிருக்குன்னு கோடு சொல்லுது, வண்டிய இன்னும் மூணு நாலு வருஷம் ஓட்டற ஐடியா இருக்குன்னா அப்பவும் பண்ணலாம்ங்கறதுதான் என் கட்சி. 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி. புதுப்பிக்கற நேரம் உங்களுக்கு வந்துருச்சு, புதுப்பிச்சா அடுத்த 5 வருஷத்துக்கு, அந்த முடிவையும் இதையும் சேர்த்தே எடுங்க. டயர் கல்லாயிருச்சு, பாடி அடியில துரு, பிரேக்கும் பார்க்கணும், மொத்தமா ஒரு லட்சம் தாண்டும்னு ஆச்சுன்னா அந்தக் காச இதுல போடாதீங்க, வேற வண்டிக்கு முன்பணமா வைங்க. அது வரைக்கும் லைட் எரியட்டும், பின் சீட்டு உட்பட எல்லாரும் பெல்ட் போடுங்க, ஹைவேல வேகத்தக் குறைங்க, விக்கறப்போ வாங்கறவர்கிட்ட வாய் திறந்து சொல்லிருங்க.

காசு மிச்சம் பண்ணணும்னு சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் மாதிரி பழைய பார்ட்ஸ் கடையில, வேற வண்டில கழட்டின ஏர்பேக் மட்டும் வாங்கிராதீங்க. கதவு, கண்ணாடி, ஹெட்லைட் வாங்கலாம், நானும் வாங்கியிருக்கேன். ஏர்பேக் எந்த வண்டில இருந்து வந்துச்சு, நனைஞ்சதா, கோளாறுன்னு கம்பெனியே திரும்பக் கூப்பிட்ட ரீகால்ல சிக்கினதா, எதுவும் தெரியாது, போட்டுப் பார்த்து வாங்கற சாமானும் இல்ல. அப்புறம் நீங்களே ஸ்டியரிங்கப் பிரிக்கற ஆர்வத்துல மல்டிமீட்டர ஏர்பேக் முனையில வச்சிராதீங்க, அந்தச் சின்ன கரண்ட்டே அத வெடிக்க வைக்கலாம். தெரிஞ்ச மெக்கானிக் பேட்டரியக் கழட்டிட்டு சில நிமிஷம் சும்மா உக்காந்திருப்பார், உள்ள கெப்பாசிட்டர்ல நிக்கற சார்ஜ் இறங்கட்டும்னு. காத்திருக்காம நேரா ஸ்பேனர எடுக்கறவர்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க.

கேள்வி: சின்ன இடிக்கே ஏர்பேக் ஓப்பன் ஆனா பழைய வண்டி டோட்டல் லாஸ் ஆயிரும், அதுக்கு ஏர்பேக் இல்லாம இருக்கறதே லாபம்னு நண்பர் சொல்றார், சரியா?
- வாசகி, ஈரோடு

பதில்: கணக்கு சரி, முடிவுதான் தப்பு. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.ல, அதாவது இன்சூரன்ஸ்ல வண்டிக்குப் போட்டிருக்கற மதிப்புல, 75 சதவீதத்தத் தாண்டினா டோட்டல் லாஸ்தான், ரிப்பேர் பண்ணாம கணக்க முடிச்சிருவாங்க, பழைய வண்டிக்கு ஐ.டி.வி.யே கம்மி, ரெண்டு ஏர்பேக்கும் டேஷ்போர்டும் மாத்தினாலே தாண்டிரும். தாண்டட்டுமே மேடம். வண்டி போய் ஆள் இறங்கி நின்னா அதுக்குத்தான அத வச்சாங்க. நண்பர்கிட்ட அவர் வண்டில யார் யார் உக்காருவாங்கன்னு ஒரு தடவ கேளுங்க.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல ஒரு வண்டி பார்த்திருக்கேன், ஏர்பேக் லைட் எரியல. அப்போ எல்லாம் ஓகேதான?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: எரியலங்கறத ரெண்டு விதமா பார்க்கணும். சாவியப் போட்டு ஆன் பண்ணதும் அந்த லைட் எரிஞ்சு, சில செகண்ட் நின்னு, தானா அணையணும். எரியவே இல்லன்னா பல்ப உருவியிருக்காங்க. சில கில்லாடிங்க அதோட ஒயர ஆயில் லைட்டோட சேர்த்து விட்டிருப்பாங்க, எஞ்சின் ஸ்டார்ட் ஆகற அதே நொடியில ரெண்டும் ஜோடியா அணையும். அதனால ஸ்டார்ட் பண்ணாம ஆன்ல மட்டும் வச்சுப் பாருங்க, மத்த லைட் எரிஞ்சுக்கிட்டிருக்கறப்பவே ஏர்பேக் லைட் தனியா அணையணும். சந்தேகம்னா ஸ்கேன் போட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க.

நீங்க பார்த்தது பழைய ஹோண்டா சிட்டி, ஜாஸ், சிவிக் இந்த மாதிரின்னா இன்னொரு வேலை இருக்கு. தகாட்டா கம்பெனி செஞ்ச, ஏர்பேக்க ஊத வைக்கற இன்ஃப்ளேட்டர்ல அமோனியம் நைட்ரேட் இருந்துச்சு, வருஷக்கணக்கா வெயில்லயும் ஈரக்காத்துலயும் அது கெட்டுப் போய் ஏர்பேக் ஓப்பன் ஆகறப்போ இரும்பு டப்பாவே சிதறி ஆள்மேல பாயும். 2014ல மலேசியாவுல 2003 மாடல் ஹோண்டா சிட்டி ஓட்டிட்டுப் போன ஒரு கர்ப்பிணி இப்படித்தான் இறந்தாங்க, அமெரிக்காவுக்கு வெளிய முதல் சாவு அது. உலகம் பூரா கோடிக்கணக்கான வண்டிய ரீகால் பண்ணாங்க, தகாட்டா 2017ல திவாலே ஆயிருச்சு. இதுல லைட் எரியவே எரியாது, ஏன்னா சர்க்யூட் நல்லாத்தான் இருக்கும், கெட்டது உள்ள இருக்கற வெடிமருந்து. நாகப்பட்டினம் கடல் காத்துல நிக்கப்போற வண்டி வேற. 17 இலக்க சேஸிஸ் நம்பர கம்பெனி வெப்சைட்ல போட்டுப் பாருங்க, ரீகால்ல இருந்தா ஃப்ரீயா மாத்தித் தருவாங்க, எத்தனாவது ஓனர்னு கேக்க மாட்டாங்க.

கேள்வி: டேஷ்போர்டுல பிள்ளையார் வைக்கலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: ஏர்பேக்னு எழுதியிருக்கற மூடி மேல மட்டும் வேண்டாம். கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள அந்த மூடி பிச்சுக்கிட்டு வரும், மேல ஒட்டின கல் பிள்ளையார் நேரா பக்கத்து சீட்டுக்காரர் மூஞ்சிக்குத்தான் வருவார். மீட்டர் பக்கமா தள்ளி, சின்னதா, லேசானதா ஒண்ணு ஒட்டிக்கோங்க. பம்பருக்கு முன்னாடி புல் பார்ங்கற இரும்புக் கம்பி இருந்தா அதையும் கழட்டிருங்க, 2017 டிசம்பர்லயே தடை பண்ணியாச்சு, இடிக்கறப்போ சென்சாருக்குப் போக வேண்டிய அதிர்ச்சிய அது கெடுத்துரும்.